சகல பாத்தியங்களுடன் ஒரு டிவி பெட்டி

செம்பாக்கம்
3.2.2003

மூன்றாம் மாடி, 11ஆம் எண் வீட்டின் உரிமையாளர் திருமதி ஜெயக்கொடி அவர்களுக்கு, சுந்தரவல்லி அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் யக்ஞநாராயணன் எழுதிக்கொண்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, நம் சங்கம் தன் பதினோரு வருட வாழ்வில் எடுத்திராத ஒரு முடிவை எடுத்தது. பொது அறையில் உள்ள டிவி பெட்டியை விற்றுவிடுவது. சங்கத்தின் கம்ப்யூட்டருக்குள் டியூனர் அட்டை ஒன்றைச் செருகி, இனி அதன் திரையிலேயே நிகழ்ச்சிகளைப் பார்ப்பது. ஆதரவு ஏழு. எதிர்ப்பு நான்கு. மாடியில் வடகம் காயப்போட்டிருந்ததால் காக்கை விரட்டப் போய் வாக்களிக்காதவர் ஒருவர். இடநெருக்கடி, மின்சாரம், நவீன காலம் என்ற மூன்று காரணங்களும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியுள்ளன.

அதே கூட்டத்தில் தாங்கள் எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசினீர்கள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் மினிட்ஸில் ஏறவில்லை. மோட்டார் காலை ஒன்பது மணிக்கு ஓடும் என்பது 1996ஆம் வருடத் தீர்மானம். ஒன்பது மணிக்கு வீட்டில் இல்லாதிருப்பது அவரவர் சௌகரியம்.

நிற்க. "உங்ககிட்ட வாயால பேசிப் பிரயோஜனமே இல்ல சார்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். இனி நமக்குள் எதுவும் எழுத்தில்தான். நான் இருப்பது முதல் மாடி, தாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. கடிதங்களைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும். தபால் தலை தேவையில்லை.

கம்ப்யூட்டர் தங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதில் தாங்கள் போட்டிருக்கும் லினக்ஸை எடுத்துவிட்டு, ஊரெல்லாம் வைத்திருக்கும் விண்டோஸைப் போட்டால் அட்டை பத்து நிமிடத்தில் ஓடும் என்று என் தங்கை மகன் விக்கி சொல்கிறான். சிடியும் அவனிடமே இருக்கிறது.

மார்ச் 2 அன்று நடக்கும் செயலாளர் தேர்தலுக்குத் தாங்கள் என்னை எதிர்த்து மனு கொடுத்திருப்பதைப் பார்த்தேன். படிவத்தில் பின்கோடு விட்டுப்போயிருக்கிறது.

யக்ஞநாராயணன்
செயலாளர்


5.2.2003

யக்ஞநாராயணன் சாருக்கு,

பின்கோடு 600073.

விக்கியின் சிடி எங்கே வாங்கியது என்று கேட்டேன். பிளாட்பாரத்தில் என்றான், கூச்சமே இல்லாமல். நம் அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் 'நேர்மை, ஒற்றுமை, தூய்மை' என்று அச்சடித்தது நீங்கள்தான். திருட்டு நகலில் உட்கார்ந்துகொண்டு அந்த முதல் வார்த்தையை டைப் அடிக்க எனக்குக் கை வராது. இரண்டாவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். மூன்றாவதற்குத் தண்ணீர் வேண்டும்.

கிண்டியில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் பத்தொன்பது கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அதில் ஒன்பது லினக்ஸில்தான் ஓடுகின்றன. டியூனர் அட்டை மட்டும் நான் இதுவரை போட்டதில்லை. லினக்ஸில் முடியாது என்று விக்கி சொல்லியிராவிட்டால் போடத் துணிந்திருக்கவும் மாட்டேன்.

அந்த வேலைக்காகக் காலை ஏழு பத்துக்கு வீட்டை விட்டு இறங்குகிறேன். இரவு ஏழுக்கு ஏறி வருகிறேன். நீங்கள் ஒன்பதுக்கு ஏற்றும் தண்ணீர் நான்கு மணிக்குள் கீழ் மாடிகளில் தீர்ந்துவிடுகிறது. எனக்குக் குழாயைத் திறந்தால் கிடைப்பது ஒரு கனைப்பு. பக்கத்து வீட்டு தபீதாள் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளைத் தொட்டுவிட்டு வந்து ஒரே ஒரு சொம்பில் கையையும் காலையும் கழுவிக்கொள்கிறார். மோட்டாரைக் காலை ஐந்தரைக்குப் போட்டால் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது எல்லோருக்கும் கிடைக்கும். இதை இரண்டு வருடமாகச் சொல்கிறேன். நான் செயலாளராக நிற்பது அந்த ஒரு சுவிட்சுக்காக மட்டும்தான். நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 1, சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு உலகக் கோப்பையில் பாகிஸ்தானோடு ஆட்டம். அதற்குள் லினக்ஸிலேயே கலர் படமும் சத்தமும் வராவிட்டால் என் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விக்கி தன் சிடியோடு வரட்டும். படமும் சத்தமும் வந்துவிட்டால் நீங்கள் வாபஸ் வாங்க வேண்டும்.

சம்மதமா? எழுத்தில்.

ஜெயக்கொடி


7.2.2003

திருமதி ஜெயக்கொடி அவர்களுக்கு,

சம்மதம். படம், சத்தம் இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் அது வந்ததாகாது என்று இதன்மூலம் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். ஒன்றரை மணி என்பது என் கைக்கடிகாரத்தின்படி.

டிவி பெட்டி நேற்று விற்பனையானது. வாங்கியவர் மூலைக் கடை அரிகிருஷ்ணன். இந்த அடுக்ககம் நிற்கும் மண்ணில் அவருடைய தகப்பனார் நெல் போட்டவர் என்பதால் அவருக்கு முன்னுரிமை கொடுத்தோம். "டிவி பொட்டிக்கு எதுக்கு சார் பத்திரம்?" என்று அவரே கேட்டார். முப்பத்தோரு வருடம் தாம்பரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எழுத்து இல்லாமல் ஒரு பொருள் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மூன்று பக்கம், இரண்டு சாட்சி. வடக்கே ஜன்னல், தெற்கே கேரம் போர்டு, கிழக்கே சுவர், மேற்கே நடைபாதை என்று நான்கெல்லையும் குறிப்பிட்டேன். அரிகிருஷ்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார். அவருடைய நிலத்தை விற்றபோது எழுதிய பத்திரம்கூட இவ்வளவு நன்றாக இல்லை என்றார்.

பொது அறை தங்களுக்காக மாலை ஏழு முதல் ஒன்பது வரை திறந்திருக்கும்.

யக்ஞநாராயணன்
செயலாளர்


16.2.2003

யக்ஞநாராயணன் சாருக்கு,

ரிச்சி தெருவில் அட்டை வாங்கி வந்து எட்டு நாள் ஆகிறது. நீங்கள் தினமும் ஏழரை மணிக்குப் பொது அறை வாசலில் செருப்பு மாற்றும் சாக்கில் எட்டிப் பார்ப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

அட்டையின் டப்பாவில் ஒரு கம்பெனி பெயர். அட்டையின் மேல் இன்னொரு பெயர். உள்ளே இருக்கும் சிப்பு மூன்றாவது கம்பெனியுடையது. அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் என்ற சிறு புரோகிராம் லினக்ஸில் இருக்கிறது. ஆனால் இது எந்த மாடல் அட்டை, இதன் மேல் ஒட்டியிருக்கும் தகர டப்பா எந்த வகை என்பதை நாம்தான் எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்தத் தகர டப்பாதான் டியூனர்; சானலைப் பிடிப்பது அதுதான். மாடல்கள் தொண்ணூறு சொச்சம், டியூனர்கள் நாற்பது சொச்சம். ஒரு ஜோடி எண்ணைக் கொடுத்து, டிரைவரைக் கழற்றி, மறுபடி ஏற்றி, சானல் தேடச் சொல்ல வேண்டும். தப்பான ஜோடி என்றால் சில சமயம் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோகும்.

இதுவரை இருநூற்றுப் பதினான்கு ஜோடிகள் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. திரை முழுக்கக் கொசு மொய்ப்பதுபோல் வெறும் புள்ளிகள். லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் கேட்டேன். பின்லாந்திலிருந்து ஒருவர், "ஆன்டெனா ஒயர் செருகியிருக்கிறீர்களா?" என்று பதில் போட்டார். இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதுவது எனக்குக் கௌரவக் குறைவு என்று விட்டுவிட்டேன்.

நேற்று இரவும் குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு தெரு தள்ளிக் கைபம்பில் நின்று நான்கு குடம் அடித்து, மூன்று மாடி ஏற்றினேன். இது புகார் இல்லை சார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு தகவல்.

இருநூற்றுப் பதினைந்தாவது ஜோடியை இன்று மாலை பார்க்கிறேன்.

ஜெயக்கொடி


18.2.2003

திருமதி ஜெயக்கொடி அவர்களுக்கு,

எட்டிப் பார்த்தது உண்மை. செருப்பு மாற்றியதும் உண்மை.

தாங்கள் கௌரவமாக விலக விரும்பினால் அதற்கான படிவம் என்னிடம் இருக்கிறது. இரண்டு நகல் போதும். விக்கி ஞாயிறு முழுவதும் சும்மாதான் இருக்கிறான். மற்ற ஆறு நாளும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. முப்பத்தோரு வருடத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதியை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள். இடையில் உட்கார்ந்து எழுதியவனுக்கு ஒரு பேனா மட்டும் மிச்சம். இந்த அடுக்ககத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் நான் ஒன்பது என்றால் ஒன்பது என்று ஆயிற்று. அந்தச் சுவிட்சை என்னைவிடத் தகுதியான ஒருவருக்கு விட்டுக்கொடுப்பேன். கொசுவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யக்ஞநாராயணன்
செயலாளர்


24.2.2003

யக்ஞநாராயணன் சாருக்கு,

நேற்று காலை கேபிள்காரர் துலுக்காணம் எங்கள் மாடிக்கு வந்திருந்தார். கையோடு பொது அறைக்கு அழைத்துப் போய்க் கொசுவைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. சுவரிலிருந்து வரும் ஒயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், எலியின் வாலைத் தூக்குவதுபோல.

"இன்னாக்கா, செத்த ஒயரை சொருவி வெச்சிக்கினு படம் வர்லன்றியே?"

"செத்ததா?"

"மாடில கட் பண்ணி மூலக் கடைக்கு இஸ்துவுட்டு பதினேழு நாளாவுது. அரிகிருஷ்ணன் அண்ணன் பேப்பரு காட்னாரு. நம்ம சாரு கையெழுத்து கீது, ரெண்டு சாட்சி கீது. நான் இன்னா பண்றது?"

மூலைக் கடைக்குப் போனேன். அரிகிருஷ்ணன் நம் பழைய டிவியில் படம் பார்த்துக்கொண்டே பத்திரத்தை எடுத்து நீட்டினார். இரண்டாம் பக்கத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி டிவி பெட்டியையும், அதற்கு வந்துபோகும் ஒயர் வழிகளையும், அதைச் சார்ந்த கேபிள் இணைப்பு முதலான சகல பாத்தியங்களையும் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது."

"நான் கேக்கலம்மா. சாரே ஆசையா எழுதிக் குடுத்தாரு" என்றார். "எம் பேரன் வரிக்கும் இந்த ஒயரு எங்களுது."

"உங்களுக்குப் பேரன் இருக்கானா?"

"பொண்ணு மூணாவது படிக்குது. வருவான், மெதுவா."

நான் வீணாக்கியது நானூற்று ஆறு ஜோடிகள். சரியான ஜோடியும் அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம். செத்த ஒயரில் அதுவும் கொசுதான். டிவியை விற்றோம் என்று எழுதிய நீங்கள், ஒயரையும் விற்றோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒயரை ஒருமுறை தூக்கிப் பார்க்கும் புத்தி எனக்கும் இருந்திருக்கலாம். பின்லாந்துக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். "பரவாயில்லை, எல்லோரும் இரண்டு வாரம் கழித்துத்தான் எழுதுவார்கள்" என்று உடனே பதில் வந்தது.

இன்று மாலை என் வீட்டு கேபிளைப் பிரித்து, ஜன்னல் வழியாக ஒரு ஒயரைத் தொங்கவிட்டுப் பொது அறைக்குக் கொண்டுவருகிறேன். தடுக்க நினைத்தால் எழுத்தில் தடுங்கள். நான் படித்து முடிப்பதற்குள் ஒயர் இறங்கியிருக்கும்.

கெடு நீட்டிப்பு கேட்கவில்லை.

ஜெயக்கொடி


25.2.2003

திருமதி ஜெயக்கொடி அவர்களுக்கு,

பத்திரத்தில் பிழை இல்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிணற்றை யாராவது வைத்துக்கொள்வார்களா? முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் திரும்பியதும் கை தானாக ஓடிற்று. எழுதியதைத் திரும்பப் படித்தேன். அழகாக இருந்தது. அதனால் சந்தேகம் வரவில்லை.

தங்களுக்கு வீணான பதினைந்து நாட்களை ஈடு செய்ய, தாங்கள் கேட்காமலே கெடுவை நீட்டிக்கலாமா என்று யோசித்தேன். ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

ஒயரைப் பொறுத்தவரை, விதி 14இன்படி பொதுச் சுவரில் தனிநபர் ஒயர் படக்கூடாது. நேற்று மாலை கீழே நின்று ஸ்கேல் வைத்து அளந்தேன். தங்கள் ஒயர் சுவரைத் தொடாமல் மூன்று அங்குலம் தள்ளித் தொங்குகிறது. ஜன்னல் கம்பியில் துடைப்பக் குச்சி கட்டி அதைத் தள்ளி நிறுத்தியிருப்பதையும் கண்டேன். பன்னிரண்டு குடும்பங்களில் அந்த விதிப் புத்தகத்தை நான் ஒருவன்தான் படித்திருக்கிறேன் என்று இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

ஆட்சேபணை இல்லை.

யக்ஞநாராயணன்
செயலாளர்


28.2.2003

யக்ஞநாராயணன் சாருக்கு,

ஒயர் இறங்கிய மறுநாள், முப்பத்தெட்டாவது ஜோடியில் கொசு விலகியது. கறுப்பு வெள்ளையில் ஓர் அம்மாள் தோன்றி மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தாள். அமெரிக்காவில் படம் அனுப்பும் முறை வேறு, நம் ஊர் முறை வேறு. கம்ப்யூட்டர் கேட்காமலே அமெரிக்க முறையை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையை மாற்றினேன். உருளுவது நின்றது, அம்மாளுக்குக் கலர் வந்தது. மாம்பழ மஞ்சளில் புடவை கட்டிக்கொண்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். தபீதாள் அக்கா யூனிஃபாரத்தோடு வந்து நின்று கை தட்டினார்.

"ஜெயா, எல்லாம் சரி. அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்."

அதுதான் இல்லை. மூன்று நாளாக எல்லோரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள். அட்டையிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போக வேண்டிய சின்ன ஒயரைப் போட்டிருக்கிறேன். இந்த முறை முதல் வேலையாக அதைத் தூக்கியும் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறது. ஆனாலும் சத்தம் இல்லை.

விக்கியைக் கூப்பிட்டால் என்ன என்று இன்று மாலை ஒரு நிமிடம் நினைத்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பத்து நிமிட வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு வீட்டுக்கு ஏறிப் போய்க் குழாயைத் திறந்தேன். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். திருட்டுச் சிடியால் ஜெயித்துவிட்டு உங்களிடம் நியாயமான நேரத்துக்குத் தண்ணீர் கேட்க எனக்கு முகம் வேண்டும். அது கொஞ்சமாவது சுத்தமாக இருக்க வேண்டும்.

என் வாபஸ் கடிதத்தை இரண்டு நகல் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. உங்களுடையதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் சார். நாளை கடைசி நேரத்தில் அவசரப்பட வேண்டியிருக்காது.

ஜெயக்கொடி


2.3.2003

திருமதி ஜெயக்கொடி அவர்களுக்கு,

நேற்று பகல் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்குப் பொது அறையில் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரில் சத்தம் உள்ளே வரும் வழி ஆரம்பத்திலிருந்தே மூடி வைக்கப்பட்டிருந்ததாகவும், திரையில் ஒரு சிறு கட்டத்தைத் தட்டியதும் அது திறந்துகொண்டதாகவும் தாங்கள் தபீதாள் அவர்களிடம் கத்திச் சொன்னதை வாசலில் நின்றபடி கேட்டேன். மூடியது யார் என்று கேட்டதற்கு, யாருமில்லை, பிறக்கும்போதே அப்படித்தான் என்றீர்கள். கெடுவுக்கு எட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

"மாமா, உங்க வாட்ச் ஸ்லோன்னு சொல்லிடுங்களேன்" என்றான் விக்கி. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

முப்பத்தாறு பேர் அந்தச் சிறிய திரையில் ஆட்டம் பார்த்தார்கள். அரிகிருஷ்ணனும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தனியாகப் பார்த்தால் ருசிக்கவில்லை என்றார். தாங்கள் எனக்கு ஒரு நாற்காலி போட்டீர்கள். நான் உட்காரவில்லை. தோற்றவர் உட்காரக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. இருந்தாலும் கடைசி ஓவர் வரை நின்றுதான் பார்த்தேன். படம் தெளிவாக இருந்தது.

இன்று காலை என் வாபஸ் கடிதத்தைக் கொடுத்தேன். தாங்கள் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள். ஒப்படைக்கும் பொருட்கள்: மினிட்ஸ் புத்தகம் நான்கு. ரப்பர் ஸ்டாம்பு ஒன்று, பேடில் மை இல்லை. மோட்டார் அறைச் சாவி ஒன்று. போர்வெல் ஒன்று.

போர்வெல்லில் கடந்த வியாழக்கிழமை முதல் தண்ணீர் இல்லை. தொட்டியில் மிச்சமிருந்ததை வால்வைத் திருகித் திருகி மூன்று நாள் ஓட்டினேன். இனி மோட்டார் ஒன்பதுக்கு ஓடினாலும் ஐந்தரைக்கு ஓடினாலும் வரப்போவது காற்று. தேர்தலுக்கு முன் சொல்லியிருந்தால் தங்களைப் பயமுறுத்தி விலக வைக்கப் பார்ப்பதாக ஆகியிருக்கும். அப்படி ஜெயிக்க எனக்கும் விருப்பமில்லை.

யக்ஞநாராயணன்
முன்னாள் செயலாளர்


6.3.2003

யக்ஞநாராயணன் சாருக்கு,

சாவி கிடைத்தது. ஞாயிறன்றே மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடி காற்றுதான்.

திங்களன்று லீவு போட்டுவிட்டு முடிச்சூர் போனேன். அங்கே வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டாலும் கிணற்றை மட்டும் விற்காமல் வைத்திருக்கும் ஒருவர் லாரித் தண்ணீர் தர ஒத்துக்கொண்டார்.

"ஒம்போது மணிக்கு வுட்றேம்மா."

"அஞ்சரைக்கு."

"அந்நேரத்துக்கு எவம்மா முழிச்சிக்கினு கீறான்?"

"மூணாவது மாடி முழுக்க" என்றேன்.

ஒன்பதுதான் தோது, எட்டரை வரை இறங்கி வரலாம் என்று இரண்டு மணி நேரம் பேரம் பேசினார். நான் அவர் வாசலிலிருந்து எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்து, "இந்தம்மா போவாது, எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார். எழுத்தில் வாங்கிக்கொண்டேன். நோட்டீஸ் செவ்வாய் இரவு எட்டு மணிக்குப் பொது அறையில் ஒட்டப்பட்டது.

நேற்று புதன்கிழமை காலை ஐந்து இருபத்தெட்டுக்கு லாரி வந்தது. வீட்டுக்குப் பத்துக் குடம். மூன்றாம் மாடியில் தொடங்கி இறங்கி வந்தோம். முதல் மாடி 4ஆம் எண் வீட்டை இரண்டு முறை தட்டினோம், பூட்டியிருந்தது. நீங்கள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்ததாகப் பால்காரர் சொன்னார். ஆறு பத்துக்கு லாரி கிளம்ப வேண்டியிருந்ததால், அந்தப் பத்துக் குடத்தை தபீதாள் அக்காவின் 12ஆம் எண் வீட்டில் ஊற்றினோம்.

ஜெயக்கொடி
செயலாளர்